புரவலர் பெயரும் பிரதியின் எல்லையும்: கூட்டுநிதியால் உருவாகும் காணொளி விளையாட்டுகளில் நிதியளிப்போர் பங்கேற்பு

முன்னுரை

ஒரு படைப்பு உருவாகப் பொருள் தருபவர்க்கு அப்படைப்பினுள் என்ன இடம் உண்டு என்னும் வினா தமிழிலக்கிய வரலாற்றில் புதியதன்று. சங்கப் புலவர்க்கும் வள்ளல்களுக்கும் இடையிலான உறவு தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் திரட்டிய கையொப்பம் வரை இவ்வினா பல வடிவங்களில் எழுந்துள்ளது. இணையவழிக் கூட்டுநிதியால் உருவாகும் காணொளி விளையாட்டுகள் இதனை மீண்டும் எழுப்பியுள்ளன. இங்குப் புரவலர் ஒருவரல்லர், பல்லாயிரவர். அவர்கள் பொருள் தருவதோடு அமையாது, பெயர் சூட்டுதல், பாத்திரம் படைத்தல், முன்னோட்டப் பதிப்பை ஆடிக் கருத்துரைத்தல் ஆகியவற்றின் வழி ஆக்கத்திலும் பங்கேற்கின்றனர். இப்பங்கேற்பைத் தமிழ்க் கவிதையியலும் பதிப்பியலும் தரும் கருத்தாக்கங்களைக் கொண்டு மதிப்பிடுவதும், மும்பையில் தமிழர் செறிந்து வாழும் சயான் வட்டாரத்தின் சூழலில் அதன் பயனை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

காணொளி விளையாட்டு இலக்கிய ஆய்வுக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழலாம். கதை, பாத்திரம், உரையாடல், நோக்குநிலை ஆகியவற்றைக் கொண்டு அமையும் விளையாட்டுகள், ஆடுவோரின் தெரிவுக்கேற்ப விரியும் எடுத்துரைப்புகளாகும். கூத்தையும் திரைப்படத்தையும் ஆய்வுக்குரியனவாக ஏற்றுக்கொண்ட தமிழியல் இதனை விலக்குவதற்குக் காரணமில்லை.

கூட்டுநிதியின் இயல்பு

2009-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிக்ஸ்டார்ட்டர் நிறுவனத்தின் நடைமுறை எளியது. படைப்பாளர் தம் திட்டத்தையும் தேவைப்படும் தொகையையும் அறிவிப்பர். குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேர்ந்தாலன்றி எவரிடமிருந்தும் பணம் பெறப்படாது. தருவோர்க்குத் தொகையின் அளவுக்கேற்பப் படிநிலை வாரியாகக் கைம்மாறு உண்டு. இக்கைம்மாற்றில்தான் சிக்கல் தொடங்குகிறது. விளையாட்டின் படி ஒன்றைப் பெறுவது வாங்குபவர் நிலை. நன்றியுரைப் பட்டியலில் பெயர் பெறுவது புரவலர் நிலை. கதைக்குள் ஒரு பாத்திரத்தை அமைக்கும் உரிமை பெறுவது உடனாசிரியர் நிலை. மூன்றும் ஒரே ஏணியின் படிகளாக வைக்கப்படுவதால், கூடுதல் பணம் தந்தவர் ஆசிரியத் தன்மைக்கு நெருங்கியவர் ஆகிறார். எழுத்தாற்றலோ கதையறிவோ அவ்வுரிமைக்குத் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.

இருவேறு பங்கேற்பு முறைகள்

அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு நிதி திரட்டிய இரு விளையாட்டுகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. முதலாவது, டிம் ஷேஃபர் தலைமையிலான டபுள் ஃபைன் நிறுவனத்தின் முயற்சி. 4 இலட்சம் டாலர் கேட்ட இத்திட்டத்திற்கு 87,142 பேர் 33 இலட்சம் டாலருக்கு மேல் தந்தனர். 'புரோக்கன் ஏஜ்' என்னும் பெயரில் இது 2014, 2015-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. இங்கு நிதியளிப்போர்க்கு வழங்கப்பட்ட முதன்மையான கொடை, ஆக்கச் செயலைக் காணும் உரிமையாகும். பணியிடத்து உரையாடல்கள், கருத்து வேறுபாடுகள், பணம் போதாமை ஆகிய அனைத்தும் ஆவணப்படமாகப் பதிவுசெய்யப்பட்டு அவர்களுக்குக் காட்டப்பட்டன. கதையமைப்பு பற்றிய முடிவோ ஆக்கக் குழுவினரிடமே இருந்தது. முதற்பகுதியின் புதிர்கள் மிக எளியன என்னும் குறை எழுந்தபோது, இரண்டாம் பகுதியின் புதிர்கள் கடினமாக்கப்பட்டன. கேட்போர் குறை கூறினர், படைப்பாளர் திருத்தினர். அவைக்கும் புலவர்க்கும் இடையிலான பழைய உறவே இது.

இரண்டாவது, அப்சிடியன் நிறுவனத்தின் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி'. 11 இலட்சம் டாலர் இலக்காகக் கொண்ட இதற்கு 73,986 பேர் ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் தந்தனர். 2015-ஆம் ஆண்டு மார்ச்சில் இது வெளிவந்தது. இதில் உயர்தொகை தந்தோர் பாத்திரங்களையும் பொருள்களையும் அமைக்கும் உரிமை பெற்றனர். நினைவுக் கற்களில் பொறிக்கத்தக்க வரிகளையும் நிதியளிப்போர் எழுதினர். இவ்வாறு அமைந்த பாத்திரங்கள் பொன்னிறப் பெயர்ப்பலகையோடு ஊர்தோறும் நின்றனர். பிறர் உயிரின் கடந்தகாலத்தைக் காணவல்ல தலைமைப் பாத்திரம் அவர்களை அணுகினால் ஒரு சிறுகதை விரியும். ஆயின் அக்கதைக்கும் முதன்மைக் கதைக்கும் தொடர்பிராது. கதைக்குரியவர் யார், பணத்தால் வந்தவர் யார் என்பதைப் பெயரின் நிறமே காட்டிக்கொடுத்தது. மேலும், நினைவுக் கல் ஒன்றில் இருந்த வரிகள் திருநங்கையரை இழிவுபடுத்துவன என்னும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் எழுதியவரைக் கலந்தது. அவரும் அவ்வரிகளை மாற்ற இசைந்தார். ஒரு தனிமனிதர் எழுதிய வரிக்குப் பிரதி முழுவதும் பொறுப்பேற்க நேர்ந்ததை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

புரவலர்க்குத் தமிழ் மரபு அளித்த இடங்கள்

பொருள் தந்தவர் பெயரை நூலில் எங்கு வைப்பது என்பதைத் தமிழ் மரபு பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்துள்ளது. அவ்விடங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது பாயிரம். சீயகங்கன் வேண்டியதால் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார் என்பதை அந்நூலின் சிறப்புப் பாயிரம் உரைக்கிறது. நூல் எழுந்த காரணம் கூறப்படவேண்டியதே. அதற்குரிய இடம் நூலின் வாயில். இலக்கண விதிகளுக்கிடையே சீயகங்கன் குறுக்கிடுவதில்லை. விளையாட்டின் நன்றியுரைப் பட்டியல் இதற்கு நிகரானது.

இரண்டாவது, பாட்டுடைத் தலைவன் என்னும் நிலை. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுதல் ஆகாது என்பது தொல்காப்பிய நெறி. ஓர் அடையாளமே பாட்டின் திணையை மாற்றிவிடும் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. அதில் வரும் வேம்பு பாண்டியனைச் சுட்டும் அடையாளமாதலின் அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். இக்கட்டுப்பாட்டுக்கும் புரவலரைப் பாடவேண்டிய தேவைக்கும் இடையே கோவை இலக்கியம் ஒரு தீர்வு கண்டது. காதல் நிகழ்ச்சிக்குரியவன் பெயரற்ற கிளவித் தலைவன். புகழுக்குரியவன் பெயருடைய பாட்டுடைத் தலைவன். தஞ்சைவாணன் கோவையில் வாணன் பாடல்தோறும் இடம்பெறுகிறான். ஆயினும் காதலிப்பவன் அவனல்லன். அவனுடைய நாடும் மலையும் காதலர்க்கு நிலமாகின்றன. புரவலர் கதையின் நிலமாகலாம். கதையை நடத்துபவர் ஆகவேண்டுவதில்லை என்பதே இதன் உட்பொருள்.

மூன்றாவது உவமை. புகழேந்தி நளவெண்பாவில் மல்லைச் சந்திரன் சுவர்க்கியை இவ்வகையிலேயே நினைவுகூர்கிறார். கதை ஒரு கணம் நின்று புரவலரை நோக்கிவிட்டு மீண்டும் தன் வழியே செல்லும்.

நான்காவது கதையுலகம். இது மிக அரிதாகவும் மிகுந்த எச்சரிக்கையோடும் கையாளப்பட்டது. இராமன் முடிசூடும் இடத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரின் மரபினர் முடியை எடுத்துக் கொடுக்க, வசிட்டர் அதனைப் புனைந்ததாகக் கம்பர் பாடுகிறார். சடையப்பரையே அங்கு நிறுத்தியிருப்பின் காலமுரண் நேர்ந்திருக்கும். அவர்தம் முன்னோரை நிறுத்தியதால் காப்பிய உலகம் சிதையவில்லை. புரவலர்க்கும் தம் பெயரினும் பெரிய சிறப்பு வாய்த்தது. நூறு பாடல்களுக்கு ஒருமுறை சடையப்பரைப் பாடக் கம்பர் கருதியதாகவும், அவையோர் மறுத்ததால் ஆயிரத்துக்கு ஒருமுறை என அமைத்ததாகவும் வழங்கும் செவிவழிச் செய்தி வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. எனினும், புரவலர் பெயர் எத்துணை அடுத்தடுத்து வரலாம் என்பது அவையில் பேசப்படவேண்டிய கலைச்சிக்கல் என்னும் உணர்வு இம்மண்ணில் இருந்ததற்கு அச்செய்தி சான்றாகும்.

இந்நான்கிடங்களையும் கொண்டு நோக்கினால், 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யின் குறை தெளிவாகிறது. நிதியளிப்போரைக் கதையுலகில் நிறுத்தியது பிழையன்று. அவ்வுலகின் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அவர்களை உருமாற்றும் பணியை ஆசிரியர் முழுமையாக மேற்கொள்ளாமையே பிழை. ஊர்க் கூத்தில் அன்பளிப்புத் தந்தவர் பெயரை ஆட்டத்தை இடைநிறுத்திக் கட்டியங்காரனோ கோமாளியோ அறிவிக்கும் வழக்கம் இங்கு ஒப்பிடத்தக்கது. அங்கு இடைநிறுத்தம் வெளிப்படையானது. கோமாளி கதைக்குள்ளும் வெளியிலும் நிற்கும் உரிமை பெற்றவன். எனவே அவையோர் அதனைக் கதையோடு குழப்பிக்கொள்வதில்லை. அத்தகைய இடைநிலைப் பாத்திரம் ஒன்று அவ்விளையாட்டில் இல்லை.

இடைச்செருகல் என்னும் அளவுகோல்

நிதியளிப்போர் எழுதிய வரிகளை இடைச்செருகலோடு ஒப்பிடலாமா என்பதும் எண்ணத்தக்கது. கம்பராமாயணப் பதிப்புகளில் வெள்ளிபாடல்கள் எனப் பிரித்துக் காட்டப்படுவன பிற்காலத்தார் சேர்த்தவை. அவற்றைச் சேர்த்தவர் தம் பெயரை மறைத்துக் கம்பர் குரலில் பேசினார். நிதியளிப்போரோ தம் பெயரை முன்னிறுத்தித் தம் குரலிலேயே பேசுகிறார். முன்னது ஏமாற்று, பின்னது ஒப்பந்தம். ஆயினும் விளைவு ஒன்றே. நூலின் குரல் ஓரிடத்தில் வேறாகிறது. இடைச்செருகலை நீக்கப் பதிப்பாசிரியர் பின்னாளில் வருகிறார். கூட்டுநிதி விளையாட்டில் அப்பணியைப் படைப்பாளரே முன்னதாகச் செய்தாக வேண்டும். எனவே நிதியளிப்போர் பங்கேற்பு மிகுந்தோறும் படைப்பாளரின் பதிப்பாசிரியப் பொறுப்பும் மிகும் என்பது பெறப்படும்.

கையொப்பமும் அறிவுக்கொடையும்

நிதியளிப்போர் பங்கேற்பு நூலை வளப்படுத்திய சான்றும் தமிழில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே அதனைப் பெற இசைந்தோரிடம் கையொப்பம் திரட்டினார். இன்றைய கூட்டுநிதிக்கு இது முன்னோடி எனலாம். அவர்க்குக் கிடைத்த ஆதரவு பணத்தோடு நிற்கவில்லை. 1880-ஆம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் விடுத்த வினாவே அவரைச் சிந்தாமணியின்பால் திருப்பியது. சமணர் சமயக் கருத்துகள் விளங்காது இடர்ப்பட்டபோது, கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார் தாம் வழிவழியாகப் படித்துவந்த பொருளை எடுத்துரைத்தனர். ஏடு வைத்திருந்தோர் ஏடு தந்தனர்.

இங்கு ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. சந்திரநாத செட்டியார் போன்றோர் சிந்தாமணி ஆக்கத்துள் நுழைந்தது பணத்தின் அளவால் அன்று, அவர்க்கிருந்த அறிவால். எந்தப் பாடத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் முடிவோ பதிப்பாசிரியரிடமே இருந்தது. ஆதரவாளரிடம் கேட்கப்பட்டது விருப்பம் அன்று, சான்று. ஒரு நூல் எவ்வாறு அமையவேண்டும் என்று பலரைக் கேட்பதற்கும், நூலுக்குத் தேவையான எதனை அவர்கள் அறிவர் என்று கேட்பதற்கும் இடையிலான தொலைவு பெரிது.

கையொப்ப முறை எப்போதும் வெற்றி பெற்றதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1920-ஆம் ஆண்டு கடையத்திலிருந்து பாரதியார் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் வட்டியுடன் திருப்பித்தரும் கடனாக ஆளுக்கு நூறு ரூபாய் வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை. இலக்கை எட்டாத ஒரு நிதிதிரட்டல், படைப்பின் மதிப்பின்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

இந்திய முயற்சிகள்

இந்தியாவில் பலரிடம் சிறுதொகை பெற்றுக் கலைப்படைப்பை உருவாக்கிய முயற்சிகளுள் 1976-ஆம் ஆண்டு வெளிவந்த 'மந்தன்' தனியிடம் பெறுவது. மும்பைத் திரைப்பட இயக்குநர் சியாம் பெனகலின் இப்படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர் 5 இலட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் அளித்தனர். அனைவரும் ஒரே தொகை தந்ததால் அவர்களுள் உயர்வு தாழ்வில்லை. தனியொருவர் பெயரும் கதைக்குள் வரவில்லை. அவர்தம் வாழ்வே கதையாயிற்று. கோவையின் புரவலர் நிலமாவது போல, இங்கு நிதியளித்தோர் படத்தின் நிலமாயினர்.

காணொளி விளையாட்டுத் துறையில் பைரோடாக்டைல் என்னும் இந்திய நிறுவனம் 2013-ஆம் ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் வழி நிதி திரட்டி, 2014-ஆம் ஆண்டு 'அன்ரெஸ்ட்' விளையாட்டை வெளியிட்டது. பஞ்சத்தால் அலைக்கழியும் பண்டைய இந்தியச் சாயலுடைய நகரொன்றில், வெவ்வேறு நிலைகளைச் சேர்ந்த பல மாந்தர் வழியே கதை நகர்கிறது. போரினும் உரையாடலே அதில் முதன்மை பெறுகிறது.

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 'ராஜி' விளையாட்டுக்காக 2017-ஆம் ஆண்டு அதே வழியில் முயன்று இலக்கை எட்டவில்லை. பின்னர் வேறு வழிகளில் பொருள் பெற்று 2020-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தம்பியைத் தேடிச் செல்லும் சிறுமியின் கதையான இது அவ்வாண்டின் பன்னாட்டு விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்குரிய பரிந்துரையைப் பெற்றது. முதலில் ஆங்கிலம் பேசிய இவ்விளையாட்டுக்கு 2022-ஆம் ஆண்டின் விரிவாக்கப் பதிப்பிலேயே இந்திக் குரல் வாய்த்தது. இந்தியத் தொன்மத்தைக் கூறும் படைப்பு இந்திய மொழியைப் பின்னரே பெற்றதை, டாலரில் பொருள் தருவோரை நோக்கியே இத்தகைய முயற்சிகள் தொடங்கவேண்டியிருக்கும் சூழலோடு இணைத்துக் காணலாம்.

சயான்: அவையும் ஆட்டமும்

சயான் என்னும் பெயர் எல்லை எனப் பொருள்படும் 'சீவ்' என்னும் மராத்திச் சொல்லின் வழிவந்தது என்பர். பழைய பம்பாய்த் தீவின் வடஎல்லையாக விளங்கிய இவ்விடத்தைச் சூழ்ந்தே மும்பைத் தமிழரின் வெவ்வேறு உலகங்கள் அமைந்துள்ளன. ஒருபுறம், தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் குடியேறிய தாராவி, மற்றொருபுறம், அலுவலக வேலைகளை நாடித் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தோர் வாழ்ந்த மாதுங்கா, அப்பால் செம்பூர். மும்பைத் தமிழ்ச் சங்கமும், 1952-இல் நிறுவப்பெற்ற சண்முகானந்த சங்கீத சபையும் சயானில் உள்ளன. சபையின் அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டு, 1990-இல் தீயால் அழிந்து, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உறுப்பினர் சந்தாவாலும் நன்கொடையாலும் வாழும் சபை என்னும் அமைப்பும் ஒருவகைக் கூட்டுநிதியே.

நிதியளிப்போர் விருப்பத்தை எல்லைக்குள் அமைக்கும் முறையொன்றைக் கச்சேரி மரபில் காணலாம். அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரால் நிலைபெற்றதாகக் கூறப்படும் கச்சேரி அமைப்பில் வர்ணம் தொடங்கித் தனி ஆவர்த்தனம் வரையிலான பகுதி பாடகரின் திட்டப்படி நிகழும். பின்னர் வரும் துக்கடாக்களில், சுவைஞர் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பும் விருப்பங்களுக்கு இடம் உண்டு. முன்வரிசையில் இருப்பவர் சீட்டும் மாடத்தில் இருப்பவர் சீட்டும் மேடைக்கு ஒரே வடிவில்தான் சென்று சேரும். எதனைப் பாடுவது என்பது பாடகரின் தெரிவு. விருப்பத்துக்கு இடம் உண்டு. அவ்விடம் எங்கு என்பது முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. விளையாட்டு ஆக்குவோர் இதிலிருந்து கற்கத்தக்கது மிகுதி.

இவ்வட்டாரத்தில் தமிழ் விளையாட்டு ஒன்று உருவாகவேண்டும் என்பதற்குப் பொழுதுபோக்குக்கு அப்பாற்பட்ட காரணம் உண்டு. மும்பையில் பிறந்து ஆங்கிலம், இந்தி, மராத்தி வழிக் கல்வி பெறும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுவர், ஆயின் எழுத்தறியார். அச்சுநூல் அவர்க்கு எட்டாதது. கேட்டும் தெரிவுசெய்தும் முன்னேறும் விளையாட்டு அவர்க்கு எட்டும். கனடாவில் உருவாகி 2023-ஆம் ஆண்டு வெளிவந்த 'வெண்பா' இதற்குச் சான்று. புலம்பெயர்ந்த தமிழ்த் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டிலிருந்து விடுபட்ட படிநிலைகளை ஆடுவோர் உய்த்துணர்ந்து நிரப்பும் இவ்விளையாட்டு, சிதைந்த ஏட்டிலிருந்து பாடம் மீட்கும் பதிப்புப் பணியை நினைவூட்டுவது. 2024-ஆம் ஆண்டு பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை அது பெற்றது. அது கூட்டுநிதியால் உருவானதன்று; எனினும் தமிழ்க் குடும்பத்தின் வாழ்வு உலகத்தார் ஆடத்தக்க கதையாகும் என்பதை நிறுவியுள்ளது.

சயான் வட்டாரத்தை நிலமாகக் கொண்டு அத்தகைய படைப்பு கூட்டுநிதியால் எழுமாயின், படிநிலைக் கைம்மாற்று முறை என்ன செய்யும்? உயர்தொகை தரவல்ல மாதுங்கா, செம்பூர்க் குடும்பங்களும் வெளிநாட்டுத் தமிழரும் பாத்திரம் படைக்கும் உரிமை பெறுவர். ஐம்பது ரூபாய் தரும் தாராவித் தோல்தொழிலாளி பெயர்ப்பட்டியலின் இறுதியில் நிற்பார். கதைக்கு இன்றியமையாதது அவருடைய நெல்லைத் தமிழும், அதில் கலந்த மும்பை இந்தியும், தொழிற்சொற்களும், ஊர்க்கொடைக்குச் சென்று திரும்பும் நினைவுகளுமே ஆகும். பணத்தை நுழைவுத் தகுதியாக்கினால், எவரைப் பற்றிய கதையோ அவர் குரலின்றி அக்கதை எழுதப்படும். நிதியளிப்போர் பங்கேற்பு மக்களாட்சித் தன்மை உடையது என்னும் பொதுக்கூற்று இவ்விடத்தில் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. வாக்குகள் பல என்பதாலேயே அவை சமம் ஆகிவிடா.

பொருள் தந்தவர் இடர் ஏற்றவர். அவரின்றிப் படைப்பே இல்லை. எனவே அவர்க்குச் சிறப்பிடம் தருவது கடமை என்று வாதிடலாம். அக்கடமை மறுக்கத்தக்கதன்று. அதனை ஆற்றுவதற்குரிய இடம் பாயிரம். நிதி தந்தவர்க்கு நன்றியும், ஆக்கச் செயலைக் காணும் உரிமையும், குறைகூறும் உரிமையும் சமமாக உண்டு. பிரதிக்குள் நுழையும் உரிமையோ, தந்த தொகை எதுவாயினும், தரவல்ல அறிவைப் பொறுத்தது. கும்பகோணத்துச் சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாமிநாதையர் கேட்டதுபோல், விளையாட்டு ஆக்குவோரும் தாராவியின் சந்துகளில் அமர்ந்து கேட்கவேண்டியவர் ஆவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கூட்டுநிதி விளையாட்டுகளில் எழும் புரவலர்–படைப்பாளர் சிக்கல், பாயிரம், பாட்டுடைத் தலைவன், உவமை, கதையுலகம் என்னும் நான்கிடங்களில் தமிழ் மரபு முன்பே எதிர்கொண்ட ஒன்றாகும்.

2. நிதியளிப்போர் கதையுலகில் இடம்பெறும்போது அவ்வுலகின் காலத்துக்கும் நெறிக்கும் ஏற்ப உருமாற்றப்படுதல் வேண்டும். கம்பரின் முடிசூட்டுக் காட்சி இதற்கு நல்ல முன்மாதிரி. பொன்னிறப் பெயர்ப்பலகை தீய முன்மாதிரி.

3. ஆதரவாளரிடம் விருப்பம் கேட்பதினும் சான்று கேட்பதே படைப்பை வளப்படுத்தும் என்பதைச் சிந்தாமணிப் பதிப்பு உணர்த்துகிறது.

4. தொகைக்கேற்ற படிநிலைக் கைம்மாறு, சயான் போன்ற ஏற்றத்தாழ்வு மிக்க வட்டாரங்களில், கதைக்குரியோரைக் கதையிலிருந்து விலக்கும் இயல்புடையது. 'மந்தன்' காட்டிய சமத்தொகை முறையும், கச்சேரியின் துண்டுச்சீட்டு முறையும் இதற்கு மாற்றாகத் தக்கன.

தாராவியின் மறுசீரமைப்பு பேசப்படும் இக்காலத்தில், அங்கு வழங்கும் தமிழைப் பதிவுசெய்யும் எவ்வகைப் படைப்புக்கும் காலம் குறுகியதே. நிதி திரட்டுவதற்கு முன்பே குரல்களைத் திரட்டத் தொடங்குதல் நன்று.